அப்பாவுக்கு மறதி நோய். வீட்டை இப்போதே எழுதி வாங்கிவிடலாம் என்கிறார் அண்ணன். பராமரிப்புச் செலவை எப்படிச் சமாளிப்பது?

தாமிரபரணி_மகள்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எதை விட்டு எதைச் சொல்வது என்று தெரியாத நிலையில் இருக்கிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. அரசு மேல்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து 2009-ல் ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையில் நாலு சென்ட்டில் வீடு, 1988-ல் லோன் போட்டு அவரே கட்டியது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வயல், அது தாத்தா வழியில் வந்தது. பென்ஷன் கைக்கு 48 ஆயிரம் வருகிறது. எஃப்டியில் 11 லட்சம் இருக்கிறது. எல்லாமே அப்பா பெயரில்தான், அம்மா பெயரில் நகையைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி, மாடிப்படி ஏற முடியாது.

எட்டு மாதத்துக்கு முன்னால் நரம்பு டாக்டர் அல்சைமர் என்று உறுதியாகச் சொன்னார். ஆரம்ப கட்டம்தான், ஆனால் மெதுவாக அடுத்த கட்டத்துக்குப் போகிறது என்றார். காலையில் நன்றாகத்தான் இருக்கிறார். பேப்பர் படிக்கிறார், பேரனுக்குக் கணக்கு சொல்லித் தருகிறார். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்க்கிறார்.

போன மாதம் பேங்குக்குக் கூட்டிப் போனேன். அப்பா இன்னமும் பச்சை மை பேனாதான் சட்டைப்பையில் வைத்திருப்பார், பழக்கம். செக்கில் இனிஷியல் போட்டார், பெயரில் முதல் இரண்டு எழுத்து எழுதினார், அப்படியே நின்றுவிட்டார். பேனாவை எடுக்கவும் இல்லை. பேனா முனை நின்ற இடத்தில் பச்சைப் பொட்டு ஒன்று ஊறிப் பெரிதாகிக்கொண்டே இருந்தது. எத்தனை ஆயிரம் சான்றிதழில் கையெழுத்துப் போட்ட கை அது. கவுண்ட்டரில் இருந்த பெண் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் தப்பு இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது வீட்டில் மூன்று பேச்சு ஓடுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன், வீட்டைத் தன் பெயருக்குத் தான செட்டில்மென்ட்டாக (அப்பா உயிரோடு இருக்கும்போதே விலை இல்லாமல் எழுதிக் கொடுப்பது) எழுதி வாங்கிவிடலாம், இல்லாவிட்டால் நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவிலேயே சொத்து கரைந்துவிடும், அப்பாவால் கையெழுத்தும் போட முடியாமல் எல்லாம் முடங்கிவிடும் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, அதெல்லாம் வேண்டாம், அப்பா சார்பில் நாம் கையெழுத்துப் போட ஒரு பவர் பத்திரம் வாங்கி வைத்தால் போதும், அங்கே எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறான். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. தனியாக இருக்கும்போது மட்டும் என்னிடம், "என்னைக் கடைசியில எங்க கொண்டு விடுவீங்க?" என்று கேட்டார்கள்.

அண்ணன் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். மாதம் பத்தாயிரம் தவறாமல் அனுப்புகிறார். மதினியும் அப்பாவிடம் பிரியமாகத்தான் இருப்பாள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. ஆள் வைத்துப் பார்க்கவே இங்கே 20 ஆயிரத்துக்குக் குறையாமல் கேட்கிறார்கள். இது எத்தனை வருடம் போகும் என்றும் தெரியாது. சொத்தையும் காப்பாற்ற வேண்டும், அப்பாவையும் பார்க்க வேண்டும், அம்மாவும் நடுத்தெருவில் நிற்கக்கூடாது. முதலில் எதைச் செய்ய வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_கிளை_மேலாளர்

அம்மா, 34 வருடம் பேங்கில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செட்டில்மென்ட், பவர் எல்லாம் அடுத்த வாரப் பேச்சு. இந்த வாரமே, அப்பா தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில், பதினொரு மணிக்குள், பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போய் சேமிப்புக் கணக்கில் அம்மா பெயரைச் சேருங்கள். "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் இருக்க வேண்டும், அந்த வார்த்தை பாஸ்புக்கிலேயே அச்சாகி வரும். அப்படி இருந்தால் நாளைக்கு அப்பாவால் முடியாவிட்டாலும் அம்மா கையெழுத்தில் பணம் எடுக்கலாம். பென்ஷன் வரும் கணக்கில் மனைவியைச் சேர்க்க மத்திய அரசு ஓய்வூதியருக்கு வழி இருக்கிறது, மாநில அரசு ஓய்வூதியர் என்பதால் கிளையில் மட்டும் கேட்காமல் கருவூலத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நாமினி போட்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். நாமினிக்கு ஆள் இறந்த பிறகுதான் வேலை. ஆள் உயிரோடு படுக்கையில் இருக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய் எடுக்க முடியாது, இது தெரியாமல் வந்து கவுண்ட்டரில் அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எஃப்டி விஷயத்தில் ஒரு நுணுக்கம். கூட்டுப் பெயரில் இருந்தாலும், முதிர்வுத் தேதிக்கு முன்னால் உடைப்பதென்றால் பொதுவாக இரண்டு பேர் கையெழுத்தும் கேட்பார்கள், முன்கூட்டியே எடுக்க ஒருவர் போதும் என்று எழுதிக் கொடுத்திருந்தால் தவிர. அதனால் அந்த ஒப்புதலை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். 11 லட்சத்தையும் ஒரே ரசீதாக நீண்ட காலத்துக்குப் போடாமல் இரண்டு இரண்டு லட்சமாகப் பிரித்து, ஆறு மாதத்துக்கு ஒன்று முதிரும்படி வைத்தால் அவசரத்துக்குக் கை கொடுக்கும்.

கை நடுங்கி கையெழுத்துப் போட முடியாதவருக்கு ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி வழி வைத்திருக்கிறது. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். ஆனால் அது உடம்பு முடியாதவருக்கான வழி. எதற்கு ரேகை வைக்கிறோம் என்றே புரியாதவரின் விரலைப் பிடித்து வைப்பது வேறு விஷயம். எந்த மேலாளரும் தெரிந்தே அதைச் செய்யமாட்டார், செய்யவும் கூடாது.

ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துவிடுங்கள். போனில் யுபிஐ இருந்தால் வரம்பைக் குறைத்துவிடுங்கள். மறதி நோய் வந்தவர்களை போனில் ஏமாற்றுகிறவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுகிறார்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அம்மா பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம், 60 தாண்டியவர்தானே. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், ஆள் சம்பளத்துக்கு ஒரு பகுதி ஆகும்.

இன்னொன்றும் யோசியுங்கள். வீட்டை விற்காமல், யாருக்கும் எழுதிக் கொடுக்காமல், அந்த வீட்டின் மேலேயே மாதாமாதம் பணம் வாங்க வழி உண்டு. ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்று 2007-ல் வந்தது. 60 வயதுக்கு மேல், சொந்தமாகச் சம்பாதித்த, வில்லங்கம் இல்லாத வீடு, தாங்களே குடியிருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரையும் சேர்த்து வாங்கினால், அவர் போன பிறகும் அம்மா கடைசிவரை அதே வீட்டில் இருக்கலாம். வரும் பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. அப்புறம் வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லையென்றால் வங்கி விற்றுக் கடனை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். எல்லாக் கிளையிலும் செய்யமாட்டார்கள், ஆர்வமாகப் பேசவும் மாட்டார்கள், விடாமல் கேட்க வேண்டும். இதற்கும் அப்பாவின் தெளிவான கையெழுத்து வேண்டும், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் பென்ஷன் நேர்காணலுக்கு அப்பாவைக் கருவூலத்துக்கு இழுத்துக்கொண்டு அலைய வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல் ரேகை வாங்கி டிஜிட்டல் உயிர்ச்சான்று பதிந்து கொடுப்பார், 70 ரூபாய்தான்.

கோர்ட்_வாசல்

சகோதரி, மதுரையில் சிவில் பிராக்டிஸ் செய்கிறேன். பொதுவாகத்தான் சொல்ல முடியும், பத்திரங்களைப் பார்க்காமல் முடிவாகச் சொல்வது சரியாகாது.

முதலில் உங்கள் தம்பி சொல்லும் பவர். நம் நாட்டில் 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவுப்படி, பவர் எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ மனத்தெளிவை இழந்தாலோ அந்தப் பவர் அதோடு முடிந்துவிடும். எப்போது உங்களுக்கு அது தேவைப்படுமோ, சரியாக அப்போது செல்லாமல் போய்விடும். அப்பாவுக்குத் தெளிவு போன பிறகும் அந்தப் பவரை வைத்து வீட்டை விற்றால், நாளைக்கு வாங்கியவரும் நீங்களும் சேர்ந்து கோர்ட்டுக்கு அலைய வேண்டிவரும். இப்போதைக்கு வாடகை, வரி, ஈபி, கருவூல வேலைக்கு ஒரு பவர் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

அடுத்தது செட்டில்மென்ட். செலவு பெரிதில்லை என்பதால்தான் எல்லாரும் இதற்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40 ஆயிரம். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10 ஆயிரம். 2023 ஜூலையில் இப்படி உயர்த்தினார்கள். ஆனால் அது பதிவாகி அண்ணன் ஏற்றுக்கொண்டுவிட்டால், நாளைக்கு மனம் மாறினாலும் அப்பா தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. அன்றிலிருந்து அது அண்ணன் சொத்து. அண்ணனுக்குக் கடன் வந்தால் அந்த வீட்டின் மேல் வரும். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், கடவுள் காப்பாற்றட்டும், மதினியும் பிள்ளைகளும் முடிவு செய்வார்கள். நல்ல பிள்ளைக்கு எழுதினாலும் இந்த ஆபத்து இருக்கிறது என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை.

எல்லாரும் சேர்ந்து எழுதித்தான் கொடுப்பது என்று முடிவெடுத்தால், இரண்டு விஷயம் பத்திரத்தில் இல்லாமல் விடாதீர்கள். ஒன்று, அப்பா அம்மா இருவருக்கும் ஆயுள்காலம் முழுக்க அனுபவ உரிமை, அம்மா பெயரையும் சொல்லி எழுத வேண்டும். இரண்டு, பெற்றோரின் அடிப்படைத் தேவைகளையும் மருத்துவத்தையும் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, 23-வது பிரிவு, கவனிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்க வழி தருகிறது. கோட்டாட்சியரிடம் மனு போடலாம். அந்த நிபந்தனை எழுத்தில் இருந்தாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது, 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில் சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள் கொண்டது. எப்படியானாலும் எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு.

என் அபிப்பிராயம் கேட்டால், வீட்டை யாருக்கும் எழுத வேண்டாம், உயில் எழுதச் சொல்லுங்கள். உயில் என்றால் சொத்து கடைசிவரை அப்பா பெயரிலேயே இருக்கும், அவர் செலவுக்கு அவர் சொத்து நிற்கும். டிமென்ஷியா (மறதி நோய்) என்று சீட்டு எழுதிவிட்டார்கள் என்பதாலேயே உயில் எழுதும் தகுதி போய்விடாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59-வது பிரிவு, எழுதும் நேரத்தில் தெளிவு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. தன்னிடம் என்ன சொத்து இருக்கிறது, தனக்கு யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எதைக் கொடுக்கிறோம், இது அவருக்குப் புரிய வேண்டும். அன்றைக்கே, அதே நாளில், டாக்டர் பார்த்துச் சான்று எழுதித் தரட்டும். சொத்தில் பங்கு பெறுகிறவர்கள் சாட்சி போட வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனால் உங்கள் மாதிரி வழக்கில் பதிந்துவிடுங்கள், அப்பாவால் வர முடியாவிட்டால் சார்பதிவாளரை வீட்டுக்கு வரவழைக்க மனு போடலாம்.

வயல் பற்றி ஒரு வார்த்தை. தாத்தாவின் தனிச் சொத்து, அவர் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு இறந்து அப்பாவுக்கு வந்தது என்றால் அது அப்பாவின் சொந்தச் சொத்து மாதிரிதான். கூட்டுக் குடும்பச் சொத்தாக வந்தது என்றால் அண்ணன், தம்பிபோல உங்களுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு, அந்தச் சட்டத்தின் 2005 திருத்தத்தையும் 2020 ஆகஸ்ட் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் வைத்து அது உறுதியாகிவிட்டது. அதை அப்பா முழுவதுமாக ஒருவருக்கு எழுத முடியாது. பழைய பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுங்கள்.

காலம் கடந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1987 மனநலச் சட்டத்தில், இப்படிப்பட்டவர்களின் சொத்தை நிர்வகிக்க ஆளை நியமிக்க மாவட்ட நீதிமன்றத்துக்கு வழி இருந்தது. 2017-ல் வந்த புதிய சட்டம் அதை நீக்கிவிட்டது. புதிய சட்டத்தில் வரும் "நியமனப் பிரதிநிதி" சிகிச்சை விஷயத்துக்கு மட்டும்தான், சொத்துக்கு இல்லை. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலும் டிமென்ஷியா வராது. கடைசியில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட வேண்டும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்க ஒரு மனைவி அனுமதி கேட்டபோது, தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொன்னார், பிறகு இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி அந்த அம்மாவையே காப்பாளராக நியமித்தது, விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கணவர் பெயரில் டெபாசிட் போடச் சொல்லி. வழி இருக்கிறது. ஆனால் பணம், நேரம், அலைச்சல். உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு இதற்காக வருகிற குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு வருடம் முன்னால் வந்திருக்கக்கூடாதா என்றுதான் தோன்றும்.

மதுரைக்காரி

அக்கா, நான் என் அம்மாவை ஏழு வருடம் பார்த்தேன். போன வருடம்தான் போனார்கள். சட்டமெல்லாம் சார் சொல்லிவிட்டார், நான் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன்.

ஆள் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நாங்கள் 2018-ல் பகல் ஆளுக்கு 9 ஆயிரத்தில் தொடங்கினோம், கடைசி இரண்டு வருடம் 24 மணி நேர ஆளுக்கு 24 ஆயிரம், சாப்பாடு தனி. ஏஜென்சி மூலம் வந்தால் அவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் முன்பணம். ஆள் ஊருக்குப் போனால் பத்து நாள் நீங்கள்தான். டயப்பர் ஒரு நாளைக்கு மூன்று, மாதம் மூவாயிரத்துக்கு மேல். காற்று மெத்தை, சக்கர நாற்காலி, பாத்ரூமில் கைப்பிடி, வாசலுக்கு உள்பக்கம் உயரத்தில் தாழ்ப்பாள். ஹெல்த் இன்ஷூரன்ஸ் இதில் ஒன்றுக்கும் பணம் தராது. 70 வயது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை மருத்துவக் காப்பீடு தரும் ஆயுஷ்மான் கார்டு 2024 அக்டோபரில் வந்தது, அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான். அதையும் விசாரித்து எடுத்து வையுங்கள், இவர்கள் கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைவது சாதாரணமாக நடக்கிறது.

வரியில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். பழைய வரிமுறையில் இருந்தால் (1961 வருமான வரிச் சட்டத்தில் 80டிடிபி பிரிவு) மூத்த குடிமக்களின் சிகிச்சைக்கு ஒரு லட்சம் வரை கழிக்கலாம், டிமென்ஷியா அந்தப் பட்டியலில் இருக்கிறது, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு என்று நரம்பு டாக்டர் எழுதித் தர வேண்டும். எங்கள் வீட்டில் மருந்துச் செலவு செய்த தம்பி அதைப் பயன்படுத்திக்கொண்டான்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு நோட்டு போடுங்கள். நான் முதல் இரண்டு வருடம் போடவில்லை. அண்ணன் ஒருநாள் போனில், "அம்மா பென்ஷன் வருதே, அப்புறம் எதுக்கு நாங்க அனுப்பணும்?" என்று கேட்டார். அவர் தப்பாகக் கேட்கவில்லை, அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையில் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. அப்புறம் நோட்டு போட்டு, பில்லை ஒட்டி, மாதம் முதல் தேதி குடும்ப வாட்ஸ்அப்பில் படம் எடுத்துப் போட்டேன். சண்டை நின்றது. அந்த நோட்டில் உங்கள் நேரத்தையும் எழுதுங்கள். கூட இருந்து பார்க்கிற மகள் பணம் தரவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. வேலைக்குப் போவதை விட்டது, ராத்திரி மூன்று முறை எழுந்தது, அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. என் தம்பிதான் அதை முதலில் சொன்னான், உயிலில் எனக்குக் கொஞ்சம் கூட எழுத வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னவனும் அவன்தான். இன்னமும் அதை நினைத்தால் கண் கலங்குகிறது.

நகையை முதலில் லாக்கரில் வையுங்கள். எங்கள் அம்மா தாலிச் செயினைக் கழற்றி அரிசி டிரம்மில் புதைத்துவிட்டு, வேலைக்கு வந்த பெண் எடுத்துவிட்டாள் என்று சொன்னார்கள். நாங்களும் அந்தப் பெண்ணைக் கேட்டுவிட்டோம். நான்கு நாள் கழித்து அரிசி அளக்கும்போது படியோடு செயின் வந்தது. அதற்குள் அவள் வேலையை விட்டுப் போய்விட்டாள். அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வேலைக்கு வரவில்லை.

தெம்பனிஸ்_தமிழன்

உங்கள் தம்பி சொல்வது இங்கே உண்மைதான், அதனால்தான் குழப்பம். சிங்கப்பூரில் 2010-லிருந்து லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்று ஒன்று இருக்கிறது. மருத்துவர் அல்லது வழக்கறிஞர் சான்று கொடுத்து, பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், தெளிவு போன பிறகுதான் அது உயிர் பெறும். நானும் என் மனைவியும் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் இங்கே பதிந்த அந்தப் பத்திரத்தை ஊரில் உள்ள வீட்டுக்கோ பென்ஷன் கணக்குக்கோ கொண்டு போய் நீட்ட முடியாது. தம்பியிடம் வக்கீல் சார் எழுதியதை அப்படியே அனுப்புங்கள், புரிந்துகொள்வார். அப்புறம், தம்பி இங்கிருந்து என்ன செய்யலாம் என்று கேட்டால், வருடத்தில் ஒரு மாதம் வந்து அப்பாவோடு இருக்கச் சொல்லுங்கள். நீங்கள் அந்த ஒரு மாதம் தூங்கலாம். நான் என் அப்பாவுக்கு அதைச் செய்யவில்லை.

மூத்தபிள்ளை

அண்ணன் பக்கமும் ஒருவர் பேச வேண்டும். நானும் மூத்தவன். எங்கள் வீட்டில் உயிலும் இல்லை, ஒன்றும் இல்லை, அப்பா படுத்துவிட்டார், வீட்டின் மேல் கடன் வாங்கக்கூட யாராலும் முடியவில்லை, என் பிஎஃப் பணம் முழுக்க அதில்தான் போனது. உங்கள் அண்ணனுக்கு அந்தப் பயம் இருக்கும். பேராசை என்று நினைத்துப் பேச்சைத் தொடங்காதீர்கள். மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள், அம்மாவையும் உட்கார வையுங்கள், எவ்வளவு மாதச் செலவு, பென்ஷன் எவ்வளவு, மீதி யார் தருவது என்று பேசுங்கள். சொத்துப் பேச்சை அப்புறம் எடுங்கள். எங்கள் வீட்டில் தலைகீழாகச் செய்தோம்.

தாமிரபரணி_மகள்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

வக்கீல் சார் எழுதியதையும் மூத்தபிள்ளை அண்ணாச்சி எழுதியதையும் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "கையெழுத்து நின்னு போச்சுன்னா என்ன பண்றதுன்னுதான் யோசிச்சேன். வீடு எனக்கு வேணும்னு இல்ல" என்றார். தம்பியும் வீடியோவில் வந்தான். செட்டில்மென்ட் வேண்டாம், உயில் என்று முடிவாயிற்று.

பேங்கில் அம்மா பெயரைச் சேர்த்துவிட்டோம். காலை பத்தரைக்குப் போனோம், அப்பா முழுக் கையெழுத்தும் போட்டார், பச்சை மை ஆகாது என்று நீலப் பேனா கொடுத்தார்கள். எஃப்டியை ஐந்தாகப் பிரித்தாயிற்று. பென்ஷன் கணக்குக்குக் கருவூலத்தில் மனு கொடுத்திருக்கிறோம்.

உயில் எழுதிய அன்று டாக்டர் எங்களை எல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு அப்பாவிடம் அரை மணி நேரம் பேசினார். கதவு ஒருக்களித்திருந்தது, திண்ணையில் இருந்த எனக்குக் கேட்டது. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார், அப்பா தப்பாகச் சொன்னார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. அப்புறம் உங்களுக்கு என்ன சொத்து இருக்கிறது என்று கேட்டார். அப்பா வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, வடக்கே தெரு, தெற்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் காலிமனை என்று நான்கு எல்லையும் சொன்னார், 1988-ல் சென்ட் என்ன விலை என்பதையும் சேர்த்து. யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டபோது, "அவ இருக்கிறவரைக்கும் அவளுக்கு. அப்புறம் மூணு பேருக்கும். பொண்ணுக்கு மேல் வீடு" என்றார். நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வயலின் பழைய பத்திரம் கிடைத்துவிட்டது, கூட்டுக் குடும்பப் பாகத்தில் வந்தது போலத்தான் தெரிகிறது, அதை வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம். விற்பதென்றால் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, அந்தப் பணத்தை அப்பா அம்மா பெயரில் போடுவதாகப் பேச்சு.

மதுரைக்காரி, நோட்டு போட ஆரம்பித்துவிட்டேன். ஒரு உதவி வேண்டும். பகல் ஆள் அடுத்த திங்கள் வருகிறாள், முதல் வாரம் அப்பாவிடம் அவளை யார் என்று சொல்லி அறிமுகப்படுத்துவது? நர்ஸ் என்றால் கோபப்படுகிறார்.